தேரோடும் தெருவும் நெல் காயும் தரையும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் தை மாதக் கடைசியில் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுவடை முடிந்துவிட்டது. வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊருக்குத் திரும்பிக் கல்யாண மண்டபமும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, நாம் விழுந்து விழுந்து படித்த கட்டடக்கலைஞர் பெர்னார்ட் சூமியும் அவருடைய ‘நிகழ்வு’ என்ற கருத்தும் இன்னும் எதற்காவது உதவுகின்றனவா என்று கேட்டிருந்தாய். உதவுகின்றன. எப்படி என்பதைச் சொல்ல, சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

பக்கத்து ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சமுதாயக்கூடம் கட்டிக்கொடுத்தேன். மணமேடை, பந்தி நடக்கும் கூடம், சமையற்கட்டு, முன்னால் கார் நிறுத்தக் கல் பதித்த தரை, சுற்றுச்சுவர், இரும்புக் கதவு என்று எதிலும் குறையில்லை என்றே நினைத்திருந்தேன். சென்ற தை மாதம் அந்த வழியாகப் போனபோது, சாலையின் பாதி அகலத்துக்கு நெல் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிவிடாமல் இருக்க ஓரத்தில் கருங்கல்லும் தென்னை மட்டையும் வைத்திருந்தார்கள். ஒரு பெண்மணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாதங்களைத் தரையோடு தேய்த்து நடந்து, நெல்லில் கோடு கோடாகச் சால் இழுத்துக் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்தடி தள்ளி, பூட்டிய கதவுக்குப் பின்னால், நான் வரைந்த தரை வெயிலில் வெறுமையாகக் கிடந்தது. அன்று மாலை மழை பெய்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க யோசிப்பார்கள் என்பது உனக்கும் தெரியும். பூட்டியவர் காவலாளிதான், ஆனால் பூட்டி வைப்பதற்கென்றே ஓர் இடத்தை வரைந்து கொடுத்தவன் நான்.

அன்றிரவு பரணிலிருந்து சூமி எழுதியவற்றின் பழைய நகல்களை இறக்கிப் படித்தேன். நிகழ்வு இல்லாமல் கட்டடக்கலை இல்லை என்று சூமி சொன்னதை, மாணவனாக இருந்தபோது அழகான கோஷமாகவே எடுத்துக்கொண்டேன். சுவரும் கூரையும் பாதிதான், அவற்றுக்குள் உடல்கள் அசைவதும் ஏதோ ஒன்று நடப்பதும் சேர்ந்தால்தான் அது கட்டடக்கலை என்ற அதன் நேர்ப்பொருள் அப்போதுதான் உறைத்தது. பாரிஸில் பழைய இறைச்சிக்கூடங்கள் இருந்த 55 ஹெக்டேர் நிலத்தில், லா வில்லெத் பூங்காவுக்கான போட்டியில் அவர் வென்ற திட்டத்தை நினைத்துப் பார். 120 மீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி வைத்து, புள்ளிதோறும் ஒரு சிவப்புக் கட்டடத்தை நிறுத்தினார். இதில் இன்னதுதான் நடக்க வேண்டும் என்று அந்தக் கட்டடங்களின் வடிவம் கட்டளையிடுவதில்லை. ஒரு பயனுக்கென எழுந்த இடத்தில் வேறொரு பயனை நுழைத்துப் பார்ப்பதை அவர் ஒரு முறையாகவே வகுத்தார். தேவாலயத்தில் பந்து உருட்டி விளையாடலாம் என்பது அவர் சொன்ன உதாரணம். என் கார் நிறுத்தத்தில் நெல் காயலாம் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் செட்ரிக் பிரைஸ் 1960களில் லண்டனுக்காக வரைந்து, கட்டப்படாமலே போன ‘ஃபன் பேலஸ்’ என்ற கேளிக்கைக் கூடம்கூட இந்த வழியில்தான் வரும். ஆனால் பாரந்தூக்கிகள் சுவர்களை நகர்த்திக்கொண்டே இருக்கும் அந்தக் கனவு என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. நெல் காய்வதற்குச் சுவர் நகர வேண்டியதில்லை, கதவு திறந்திருந்தால் போதும்.

சூமியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருவாரூர் ஆழித் தேர்தான் கண்முன் வருகிறது. அலங்கரித்து நிற்கையில் 96 அடி உயரம். தேர் வீதிகளின் அகலத்தை முடிவு செய்தது அங்கே குடியிருப்பவர்களின் வசதியன்று, ஆண்டில் ஒருமுறை உருளும் அந்தச் சக்கரம். முனை திரும்பும்போது கவனித்திருக்கிறாயா? முட்டுக்கட்டை போடுபவர் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து ஓடி, கட்டையைச் சரியான நொடியில் சரியான சாய்வில் செருகுகிறார். அத்தனை பெரிய தேர் அந்தக் கட்டை சொன்ன பக்கம் திரும்புகிறது. தேர் நிலைக்கு வந்த மறுநாள் அதே வீதியில் பேருந்து போகிறது, தள்ளுவண்டியில் கத்தரிக்காய் விற்கிறார்கள்.

இதைச் சொல்லி, நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. 1968இல் பாரிஸ் தெருக்களில் நடந்த கிளர்ச்சியின் தாக்கத்தில் உருவான சூமிக்கு, நிகழ்வு என்பது எதிர்பாராதது, ஒழுங்கைக் குலைப்பது. நமக்கோ அது பஞ்சாங்கத்தில் நாள் குறித்து வருவது. அந்த ஒழுங்குக்குள் யார் வடம் பிடிக்கலாம், எந்தத் தெருவுக்குச் சாமி வராது என்பதும் அடங்கியிருந்தது. உடல் இடத்தின் மீதும் இடம் உடலின் மீதும் வன்முறை செய்கிறது என்று அவர் எழுதியது, பாரிஸைவிட நம் டெல்டா கிராமங்களுக்கே அதிகம் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. என் இரும்புக் கதவும் அந்த வகைதான்.

இப்போது அந்த இடத்தைத் திருத்தும் வேலையில் இறங்கியிருக்கிறேன். சாலையோரச் சுவரில் முப்பதடி இடிக்க ஒப்புதல் கிடைத்துவிட்டது. கல்லிடுக்குகளில் நெல்மணி சிக்குவதால், கற்களைப் பெயர்த்துவிட்டு, நீர் வடியும் வாட்டத்தோடு வழவழப்பான சிமெண்டுத் தரை போடுகிறோம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது அறுவடைக்கும் பொருந்துகிறது, கல்யாணத்துக்கும் பொருந்துகிறது. நெல்லும் காரும் ஒரே மாதத்தில் ஒரே தரையைக் கேட்கின்றன. சூமி ‘மன்ஹாட்டன் டிரான்ஸ்கிரிப்ட்ஸ்’ வரைபடங்களில் நிகழ்வு, இடம், அசைவு மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார் அல்லவா, அதைப் பின்பற்றி நானும் ஒரு தாளில் மூன்று பத்தி பிரித்திருக்கிறேன். முதல் பத்தியில் தை, மாசி முகூர்த்த நாட்கள். இரண்டாவதில் தரையின் வரைபடம். மூன்றாவதில் டிராக்டர் எந்தப் பக்கம் வரும், நெல்லை எத்தனை மணிக்குக் குவிப்பார்கள், பந்திக்கு வருபவர்கள் எந்த வழியாக நடப்பார்கள் என்ற கோடுகள். முகூர்த்த நாளில் கார்களைக் கோயில் திடலுக்கு அனுப்பிவிட்டால், நடைபாதை போக முக்கால் பங்குத் தரை நெல்லுக்குக் கிடைக்கும் என்று தெரிகிறது. கல்யாண வீட்டார் ஒப்புவார்களா என்பதைப் பேசித்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மாணவர்களிடம் கொடுத்து, நான் பார்க்கத் தவறியது என்ன என்று கேட்டு எழுது. ஆழித் தேருக்கு நாள் குறித்ததும் தெரிவிக்கிறேன். இந்த முறை தவறாமல் வா. கீழவீதி முனையில் நின்று, முட்டுக்கட்டை போடுபவரின் கைகளைப் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்