இல்லாத ரயில் தடத்தில் சைக்கிள் பயணம்: கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

அனுப்புநர்:
பாலக்கோட்டு வாடிக்கையாளர்
(முன்பதிவு செய்த கைப்பேசி எண் உங்களிடம் இருக்கிறது)
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சைக்கிள் சுற்றுலா நிறுவனம், ஓசூர்.

பொருள்: ‘மொரப்பூர் – தர்மபுரி ரயில் தடம்’ பயணம் குறித்த புகார்.

ஐயா,

வணக்கம். ஆடி முதல் ஞாயிறன்று நீங்கள் நடத்திய பயணத்துக்கு எனக்கும் என் பேரனுக்குமாக 3,700 ரூபாய் கட்டினேன். ஆளுக்கு 1,850. அந்தப் பணம் முழுவதும் எனக்குத் திரும்ப வேண்டும். பணத்தோடு போகிற விஷயமாக இருந்தால் போனிலேயே பேசி முடித்திருப்பேன். இல்லாத ஒரு பாதையை இருப்பதாகச் சொல்லி, எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. ‘பழைய சின்ன ரயில் ஓடிய பாதையில் தார் போட்ட தனித் தடம். வண்டித் தொல்லை கிடையாது. குழந்தைகளும் ஓட்டலாம். பழைய ஸ்டேஷன், ரயில் பாலம் எல்லாம் பார்க்கலாம்’ என்று போட்டிருந்தீர்கள். படத்தில் இரண்டு பக்கமும் மரம், நடுவில் வழவழவென்று கறுப்புத் தடம். பார்த்ததும் மனசு நிறைந்துபோனது. அதற்குக் காரணம் உண்டு.

என் மகள் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் ஆஷ்பர்ன் என்ற ஊரில் இருக்கிறாள். 2023-ல் நான்கு மாதம் அவள் வீட்டில் தங்கினேன். அங்கே வாஷிங்டன் அண்ட் ஓல்டு டொமினியன் என்று ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்ததாம். 1968-ல் அதை மூடிவிட்டார்கள். தண்டவாளம் போன இடத்தைக் கூறுபோட்டு விற்காமல் நீளமான பூங்காவாக ஆக்கி, 72 கிலோமீட்டருக்குத் தார் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். 1974-ல் கொஞ்ச தூரம் போட்டு ஆரம்பித்து, 1988-ல் கடைசிவரை முடித்தார்கள். கார், லாரி எதுவும் உள்ளே வராது. அரை மைலுக்கு ஒரு தூரக் கம்பம். தாண்டிப் போகிறவர் மணி அடித்துவிட்டு, ‘இடது பக்கம் வருகிறேன்’ என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் தாண்டுவார்.

அப்போது எனக்கு அறுபத்து நான்கு வயது. முட்டி வலி வேறு. அப்படியிருந்தும் பேரன் பின்னாலேயே ஒரே நாளில் 20 கிலோமீட்டர் ஓட்டினேன், மூச்சு வாங்கவில்லை. மருமகன் காரணம் சொன்னார். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிப்பு குறைவு, அதனால் ரயில் செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. ரயில் பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண் கொட்டி, ஏற்றத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இழுத்துப் பரத்திவிடுகிறார்கள். ரயில் போனாலும் அந்த வேலை அப்படியே மண்ணில் இருக்கிறது. யாரோ எந்தக் காலத்திலோ வெட்டிப்போட்ட மண் என் முட்டியைக் காப்பாற்றியது.

எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு சின்ன ரயில் ஓடியது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று யோசித்துப் போட்ட பாதை. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் வந்தது, 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள், உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் மூடிவிட்டார்கள். மூடியபோது என் அப்பாவுக்குப் பதினொரு வயது. வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்து என் தாத்தாவோடு மொரப்பூர் போனதையும், அங்கே மெட்ராஸ் போகும் பெரிய ரயிலைப் பார்த்துப் பயந்து தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டதையும் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பேரனுக்கும் இப்போது பதினொரு வயது. பள்ளி லீவுக்கு வந்திருக்கிறான். ‘உன் ஊரில் இருக்கிற மாதிரி நம்ம ஊரிலும் இருக்குடா, உன் கொள்ளுத் தாத்தா போன ரயில் பாதை’ என்று அவனிடம் சொல்லித்தான் பதிவு செய்தேன். இரண்டு நாள் அவன் வேறு பேச்சே பேசவில்லை.

அன்று காலை ஆறு மணிக்கு மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு வரச் சொன்னீர்கள். ஐந்தே முக்காலுக்கு நாங்கள் வந்துவிட்டோம். சைக்கிள் ஏற்றிய உங்கள் டெம்போ வந்தபோது மணி ஏழரை. அப்புறம் சைக்கிள் கதை. பேரனுக்குக் கொடுத்த வண்டியில் பின் பிரேக்கை முழுக்க அழுத்தினாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கத்து பிரேக் கட்டை தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு ரிம்மில் உரசி வெள்ளிக் கோடு விழுந்திருந்தது. சிறுவர் ஹெல்மெட் இல்லை. பெரியவர் ஹெல்மெட்டுக்குள் ஒரு துண்டை மடித்து வைத்து அவன் தலையில் கவிழ்த்தார்கள். வழிகாட்டிகளாக வந்த இரண்டு பையன்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இருப்பதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், அவர்கள் என்ன செய்வார்கள்? வேறு வண்டி கேட்டேன், இல்லை என்றார்கள். முன் பிரேக் நன்றாக இருந்தது, தனித் தடம்தானே, வண்டி வராதே என்று நானும் சம்மதித்தேன். அந்தச் சம்மதத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, நாங்கள் போனது மொரப்பூரிலிருந்து தர்மபுரி போகும் சாதாரண நெடுஞ்சாலை. பஸ், லாரி, கரும்பு டிராக்டர் எல்லாம் போகும் அதே சாலை. ‘தடம் எங்கே ஆரம்பிக்குது தம்பி?’ என்று கேட்டேன். ‘கொஞ்ச தூரம் போனதும் வரும் சார்’ என்றார். கடைசிவரை வரவில்லை. ஆடிக் காற்று எதிரே அடித்தது, ஏற்றம் வரும்போதெல்லாம் நான் இறங்கித் தள்ளினேன். ரயில் பாதையில் இந்த ஏற்றம் இருக்காது என்று என் முட்டிக்கே தெரிந்துவிட்டது.

பேரன் விழுந்த இடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. புளியமரங்களுக்கு நடுவே சாலை இடது பக்கம் திரும்புகிறது. பின்னால் ஒரு தனியார் பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வழி விடலாம் என்று அவன் ஓரம் ஒதுங்கினான். அங்கே தார் முடிகிற இடம் அரைச் சாண் பள்ளம். முன் சக்கரம் இறங்கியது, பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான், சைக்கிளோடு குப்புற விழுந்தான். ஹெல்மெட் கழன்று உருண்டது. பஸ் நிற்காமல் போனது. உள்ளங்கைத் தோல் உரிந்து அதில் சின்னச் சின்னக் கருங்கல் துண்டுகள் பதிந்திருந்தன. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி ஒவ்வொன்றாக எடுத்தேன். உங்கள் டெம்போவில் முதலுதவிப் பெட்டி இருந்தது, அதற்குள் காலியான பஞ்சுக் கவர்தான் இருந்தது. சாலைப் பக்கம் விழாமல் மண் பக்கம் விழுந்தான், அதனால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகும் பயணத்தை முடிக்க வேண்டும் என்று அவனே சொன்னான், ரயில் பாலத்தைப் பார்க்க வேண்டுமாம். கடைசியில் ஒரு சிறுபாலத்தில் நிறுத்தி, ‘இதுதான் அந்தக் காலத்து ரயில் பாலம்’ என்றார் வழிகாட்டி. கைப்பிடிச் சுவரில் மஞ்சளும் கறுப்பும் அடித்து, கட்டிய வருஷம் 2016 என்று எழுதியிருந்தது. பேரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எண் படிக்கத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டேஷன் ஒன்றையும் காட்டவில்லை.

அன்று இரவு, கட்டுப் போட்ட கையோடு உங்கள் விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன், ‘தாத்தா, இது ஹெர்ண்டன்’ என்றான். ஆஷ்பர்ன் தடம் போகும் வழியில் இருக்கும் ஊர் அது. பார்த்தேன். தடத்தின் ஓரத்தில் சிவப்பு நிற கார்டு பெட்டியின் (ரயிலின் கடைசியில் கார்டு உட்காரும் பெட்டி) ஒரு மூலை தெரிகிறது. ஹெர்ண்டன் பழைய ஸ்டேஷன் பக்கத்தில் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்களே, அதே பெட்டி. அதன் முன்னால் நின்று நானும் அவனும் எடுத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். அவன் அங்கே தினமும் ஓட்டுகிற தடத்தின் படத்தைக் காட்டி, பாலக்கோட்டில் அவன் தாத்தாவிடம் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

இதை எழுதிக் கேட்டதற்கு ‘படம் உதாரணத்துக்காக மட்டும்’ என்று பதில் வந்தது. கூடவே அடுத்த பயணத்தில் 20 சதவீதத் தள்ளுபடி. தள்ளுபடி எனக்கு வேண்டாம். உதாரணம் என்று விளம்பரத்தில் எங்கேயும் எழுதவில்லை. ‘தார் போட்ட தனித் தடம்’ என்பது படம் இல்லை, நீங்கள் எழுதிய வாசகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்து ஜனங்களுக்கு அந்த ரயில் விளையாட்டு விஷயம் இல்லை. மொரப்பூர் – தர்மபுரி பாதை திரும்ப வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டு, 2019-ல்தான் அகலப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில்தான் முதலில் வர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரயில் திரும்ப வராத இடங்களில், பழைய பாதை மிச்சம் இருக்கிற வரைக்கும் ஒரு பத்து கிலோமீட்டராவது பிள்ளைகள் பயமில்லாமல் ஓட்டுகிற மாதிரி தடம் போட மாட்டார்களா என்று ஆஷ்பர்னிலிருந்து வந்த நாளிலிருந்து எனக்கு ஆசை. கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கவும் நினைத்திருந்தேன். அது ஏற்கெனவே இருக்கிறது என்று நீங்கள் ஊரெல்லாம் விளம்பரம் செய்தால், வேண்டும் என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

ஆகவே 3,700 ரூபாயையும், பேரனுக்கு ஊசி, மருந்து, கட்டு ஆகியவற்றுக்கு ஆன 640 ரூபாயையும் (ரசீது இணைத்திருக்கிறேன்) பதினைந்து நாளுக்குள் என் கணக்கில் போட்டுவிடுங்கள். அந்த விளம்பரத்தையும் படத்தையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நெடுஞ்சாலையில்தான் ஓட்ட வைப்பீர்கள் என்றால் நெடுஞ்சாலை என்றே எழுதுங்கள், குழந்தைகளைச் சேர்க்காதீர்கள். அந்த நீல நிறச் சின்ன சைக்கிளை பிரேக் கட்டை மாற்றும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். மற்றதற்கு நாள் கொடுக்கிறேன், இதற்குக் கொடுக்க மாட்டேன். அடுத்த ஞாயிறும் உங்களுக்குப் பயணம் இருப்பதாகப் பார்த்தேன்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்பதற்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே மனுவுக்குக் கட்டணமும் இல்லை. விளம்பரம், பணம் கட்டிய ரசீது, பிரேக் கட்டையின் படம், 2016 என்று எழுதிய பாலத்தின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

பேரன் ஆடி கடைசியில் ஊருக்குக் கிளம்புகிறான். அதற்குள் அவனைப் பழைய பாதை எங்கே போனது என்று தெரிந்த ஒரு பெரியவரிடம் நானே கூட்டிப்போகப் போகிறேன், சைக்கிள் இல்லாமல், நடந்து.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாலக்கோடு.