ஆலாக்களைக் காட்டியவர்களுக்கு

குடியாத்தம், வேலூர் உறவுகளுக்கும் தனுஷ்கோடி மீனவ மக்களுக்கும் அன்பு வணக்கம்.

நான் பணி ஓய்வு பெற்றதை ஒட்டி நம் ஊரில் ஒரு பாராட்டு விழா நடத்தினீர்கள். கடற்பறவைகளைப் பற்றி நான் கண்டறிந்தவை என்று மேடையில் ஒரு பட்டியலும் வாசித்தார்கள். அதில் பலவற்றை எனக்கு முதலில் சொன்னவர்கள் வேறு ஆட்கள். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் நன்றிக்குக் கிடைக்கும் இரண்டு வரியில் அதையெல்லாம் எழுத இடமில்லை. அதனால் எது யார் கொடுத்தது என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி தனுஷ்கோடியில் எனக்கு வள்ளம் ஓட்டிய அண்ணனுக்கு. அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடலில் கிடக்கும் மணல் திட்டுகளில், அதாவது தீடைகளில், ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடுகின்றன. கூடு என்று எதுவும் கிடையாது. மணலில் ஒரு சின்னப் பள்ளம், அதில் மணல் நிறத்திலேயே முட்டை, அவ்வளவுதான். அந்த வெயிலில் தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைமேல் நிற்பது நிழல் கொடுக்கத்தான். வயிற்று இறகைக் கடலில் நனைத்துக்கொண்டு வந்து உட்காருவதும் உண்டு. உச்சிவெயிலில் நாம் போய் அவற்றைக் கிளப்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் கரு செத்துவிடும். இதைப் புத்தகத்தில் நான் படிப்பதற்கு முன்பே அண்ணனுக்குத் தெரியும். "வெயில் ஏறிருச்சும்மா, இன்னிக்கு வேணாம்" என்று வள்ளத்தைத் திருப்பிவிடுவார். விடியற்காலையில் மட்டும் தீடையில் இறங்குவது என்று பிற்பாடு எங்கள் குழு வைத்துக்கொண்ட விதி அவர் போட்டது.

அவர் மனைவிக்கும் நான் அதே அளவு கடன்பட்டிருக்கிறேன். ஆலா குஞ்சுக்கு இரை கொண்டுவரும்போது மீனை அலகில் குறுக்காகக் கவ்விக்கொண்டு வரும். நான் பைனாகுலரைச் சரி செய்வதற்குள் அக்கா வெறுங்கண்ணால் பார்த்து, "சூடை… நெத்திலி… அது முரல்" என்று சொல்லிவிடுவார். புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அக்கா சொன்னது பிசகவில்லை. குஞ்சுகளின் உணவு பற்றிய என் அட்டவணைகளில் இருப்பது அவருடைய கண்.

கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய, பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டும் முகாமில் பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார்களைப் பார்த்தேன். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்தவர்கள், ஆராய்ச்சிக்காக அதே திறமையைக் கொடுத்தார்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்தை வைத்து, நெஞ்சை அழுத்தாமல் பறவையைப் பிடிப்பது எப்படி என்று காட்டியது அவர்கள்தான். பறவை மூச்சுவிட நெஞ்சு விரிய வேண்டும் என்பதால் அதில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. இன்றைக்கும் மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான்.

லட்சத்தீவில் தூண்டில் கழியோடு சூரை மீன் பிடிக்கப் போகும் மீனவர்கள் கடலைப் பார்ப்பதற்கு முன் வானத்தைப் பார்ப்பார்கள். சூரைக்கூட்டம் கீழிருந்து துரத்த, சிறுமீன்கள் மேலே வரும்; அதற்காக ஆலாக்கள் கூடும். சூரை குறைந்தால் பறவைக்கும் பட்டினிதான் என்பதை அவர்கள் படகில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

அனுமதி தந்த வனத்துறைக்கும் கடலோரக் காவல்படைக்கும், பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தின் நூலகப் பணியாளர்களுக்கும் நன்றி.

அப்புறம் வேலூருக்கு ஒரு தனி நன்றி இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில்தான் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. கேடு வரும் என்பதற்கு முழுச் சான்று கிடைக்கவில்லை என்று சொல்லிச் சும்மா இருக்கக் கூடாது என்பது அதன் பொருள். தீடைகளுக்குப் படகுச் சவாரி விட வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை கூடு அழியும், கணக்கு காட்டுங்கள் என்று கேட்பார்கள். கணக்கு முடியும்வரை பறவை காத்திருக்காது. அந்தக் கூட்டங்களில் நம் ஊர் வழக்கைத்தான் எடுத்து வைத்தேன். பாலாறு வயலூர் அருகே கடலில் சேருகிறது. ஆற்றுக்காக நீங்கள் போராடியது கடலுக்கும் உதவியது.

கடைசியாக என் அம்மா. குடியாத்தத்தில் பீடி சுற்றிய கூலியில் என்னை விலங்கியல் படிக்க வைத்தார். பொண்ணு படகில் போய் குருவி எண்ணுவது ஒரு வேலையா என்று அக்கம்பக்கம் கேட்டபோது, "அவ வேலை அவளுக்குத் தெரியும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இன்று அம்மா இல்லை. விழாவில் போட்ட பொன்னாடையை அவர் படத்தின்மேல் போட்டிருக்கிறேன்.

என் களக் குறிப்பேடுகளை நகலெடுத்து, ஒரு தொகுதியை தனுஷ்கோடி அண்ணன் வீட்டிலும் இன்னொன்றை குடியாத்தத்தில் என் வீட்டிலும் வைக்கப் போகிறேன். பறவை பார்க்க ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் வந்து எடுத்துப் படிக்கலாம்.

நன்றியுடன்,
உங்கள் குடியாத்தத்துப் பெண்