செயலாளரின் ஆண்டறிக்கை: சனிக்கிழமை மைதானமும் ஜிம் ஸ்டைன்ஸும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு ஆண்டு விழா, தீபாவளி இரவு விருந்து மூன்றும் நடந்தன. நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. மண்டபப் பதிவில் ஏற்பட்ட ஒரு குளறுபடியால் தீபாவளி விருந்தைக் கடைசி நேரத்தில் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அன்று மழையில் பாத்திரம் சுமந்த இளைஞர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் புதிதாகத் தொடங்கியது சனிக்கிழமை காலை ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து. கிரிக்கெட் நாம் ஊரிலிருந்தே கொண்டு வந்தது, அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மெல்பர்னில் பிறந்த நம் பிள்ளைகள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால் அங்கே பேச்சு ஃபுட்டியாகத்தான் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கும் தாத்தா பாட்டிமாருக்காக இரண்டு வரி சொல்கிறேன். முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் உயரமான இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. உதைத்து வரும் பந்தை ஒருவர் சுத்தமாகப் பிடித்துவிட்டால் அது மார்க். அவர் நிதானமாக நின்று உதைக்கலாம். எதிரணி ஆள் ஒருவர் மார்க் விழுந்த இடத்தில் நிற்பார். அந்த இருவருக்கும் நடுவே வேறு யாரும் குறுக்கே ஓடக் கூடாது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை நம் சிறுமி ஒருத்தி அப்படிக் குறுக்கே ஓடிவிட்டாள். அதற்குத் தண்டனையாகப் பந்து முன்னால் கொண்டுபோகப்பட்டது, கோல் விழுந்தது, அவள் அணி தோற்றது. பிள்ளை வேலியோரம் போய் உட்கார்ந்து, சேறு ஒட்டிய ஷூவைக் கழற்றி இரண்டு முடிச்சு போட்டுப் பையில் திணித்துக்கொண்டாள். இனி வரமாட்டேன் என்றாள். பயிற்சி தரும் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "இதே தப்பை இங்கேயிருந்து பத்து நிமிஷ தூரத்தில், டிவியில் ஊரே பார்க்க ஒருத்தர் செஞ்சிருக்கார், தெரியுமா?" என்று கேட்டார்.

அந்தக் கதை பிள்ளைகளோடு நிற்கவில்லை. பெற்றோர்களும் கேட்க ஆரம்பித்ததால் ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் அதையே பேச்சாக வைத்தோம். வராதவர்களுக்காக இங்கே கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன்.

தம்பி சொன்ன அந்த ஒருத்தர்தான் ஜிம் ஸ்டைன்ஸ். 1966-இல் டப்ளினில் பிறந்தவர். அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் உருண்டைப் பந்து. அதில் டப்ளின் இளையோர் அணிக்காக 1984-இல் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார். மெல்பர்ன் என்ற ஃபுட்டி கிளப் அப்போது படிப்பு உதவித்தொகை தருவதாகச் சொல்லி அயர்லாந்தில் இளைஞர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் கிளப்பின் அப்போதைய பயிற்சியாளர் ரான் பராசி. அதே ஆண்டு, 18 வயதில், ஜிம் இங்கே வந்து இறங்கினார். முட்டைப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்றே தெரியாத நிலை. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் விளையாடினார், பிறகு கீழ்மட்ட லீக்கில் ஆடிய பிரான் கிளப்புக்கு அனுப்பிவைத்தார்கள், கடைசியில் 1987-இல்தான் மெல்பர்னின் முதல் அணியில் இடம் கிடைத்தது.

அந்த ஆண்டே அந்தச் சம்பவம். 1964-க்குப் பிறகு மெல்பர்ன் இறுதிச் சுற்றுகளுக்கே வந்திருக்கவில்லை. 1987 செப்டம்பர் 19, வேவர்லி பார்க் மைதானம், ஹாதார்ன் கிளப்புக்கு எதிரான ஆட்டம். ஜெயித்தால் கோப்பைக்கான கடைசி ஆட்டம், கிராண்ட் ஃபைனல். சில நொடிகளே பாக்கி, மெல்பர்ன் 4 புள்ளி முன்னால். ஹாதார்னின் கேரி பக்கனாரா பந்தோடு நிற்கிறார், ஆனால் கம்பம் தூரம். ஜிம் தன் ஆளைத் தேடிக் குறுக்கே ஓடினார். நடுவர் விசில் ஊதிப் பந்தை 15 மீட்டர் முன்னால் வைத்தார். ஆட்டம் முடியும் சைரன் ஒலித்த பிறகு பக்கனாரா உதைத்தார். கோல். 2 புள்ளியில் மெல்பர்ன் தோற்றது. இறுதிச் சுற்றுக்காகப் பல ஆண்டு காத்திருந்த மெல்பர்ன் அணித்தலைவர் ராபர்ட் பிளவருக்கு அதுவே கடைசி ஆட்டம். உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் ஜான் நார்த்தி ஜிம்மைத் திட்டியதையும் டிவி விட்டுவைக்கவில்லை. அப்போது ஜிம்முக்கு 21 வயது. அம்மா அப்பா உலகத்தின் மறுகோடியில்.

சரி, அதற்குப் பிறகு என்ன செய்தார்? ஆடிக்கொண்டே இருந்தார். அந்த 1987-இல் தொடங்கிய வரிசை தொடர்ந்து 244 ஆட்டங்கள் வரை போனது. 1998 வரை ஒன்றைக்கூட விடவில்லை. ஒருவர் மேல் ஒருவர் மோதி விழும் ஆட்டம் இது, அதிலும் அவர் ஆடியது ரக். அந்த நாட்களில் நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பும்போது, 199 செ.மீ. உயரத்தோடு எம்பி, எதிராளியின் முழங்காலை வாங்கிக்கொண்டு பந்தைத் தட்டிவிட வேண்டியிருந்தது. இருபது ஆண்டுக்கும் மேல் அந்த 244-ஐ யாரும் தொடவில்லை. 1991-இல் லீக்கின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ப்ரௌன்லோ பதக்கம் கிடைத்தது. கிளப்பின் சிறந்த வீரர் விருது நான்கு முறை. இருந்தாலும் என் மனதில் பதக்கத்தை விட அந்த 244 பெரிது. மொத்தம் 264 ஆட்டங்கள், ஆனால் ஒரு கிராண்ட் ஃபைனல்கூட ஜெயிக்கவில்லை. 1988-இல் வந்த ஒரே வாய்ப்பிலும் அதே ஹாதார்னிடம் தோல்விதான்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1994-இல், இளையோருக்காக ரீச் என்ற அமைப்பைப் பால் கரியோடு சேர்ந்து தொடங்கினார். 2008-இல் கடனில் மூழ்கிக் கிடந்த பழைய கிளப்புக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டே புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவில் கூட்டங்களுக்கு வந்தார், நன்கொடை திரட்டினார், 2010-இல் கிளப் கடனிலிருந்து மீண்டது. 2012 மார்ச் 20 அன்று, 45 வயதில் காலமானார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. மெல்பர்ன் கிளப் மறுபடி லீக் கோப்பையை வென்றது 2021-இல், அவர் போய் ஒன்பது ஆண்டு கழித்து. கூட்டத்தில் இந்த இடம் வந்தபோது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 1987-இல் புதிதாக வந்து இறங்கி, அந்த ஆட்டத்தை வாடகை வீட்டு டிவியில் பார்த்தவர் அவர்.

செப்டம்பரில் பிள்ளைகளை வேவர்லி பார்க்குக்கு அழைத்துப் போனோம். மொனாஷ் ஃப்ரீவேயில் போகும்போது தெரியுமே, வீடுகளுக்கு நடுவே அந்தப் பழைய பார்வையாளர் மாடம், அதுதான். வேலியோரம் உட்கார்ந்த அந்தச் சிறுமியும் வந்திருந்தாள். நடைபாதையில் 15 மீட்டரைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

அடுத்த பருவம் ஏப்ரலில் தொடங்குகிறது. சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கூம்புகளை அடுக்கவும், தண்ணீர் கொண்டு வரவும், கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை ஏற்றி வரவும் ஆள் தேவை. பயிற்சித் தம்பி இந்த ஆண்டு முழுக்க ஏறக்குறைய தனியாகவே சுமந்தார், அதை இனியும் அவர் தலையில் கட்டக் கூடாது. பெயர் கொடுக்கும் தாள் வாசலில், காபி மேசை மேல் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்