நிக்கியாஸ் துன்பியல் நாயகனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதென்ஸ் தளபதி நிக்கியாஸைத் துன்பியல் நாயகன் என்று சொல்லும் கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

கி.மு. 415இல் சிசிலி மீது படையெடுக்க வேண்டாம் என்று மக்கள் அவையில் வாதாடியவர் அவர். வேண்டாம் என்றவர் தலையிலேயே பொறுப்பைக் கட்டினார்கள். சிறுநீரக நோய் வந்து, தன்னை விடுவிக்கும்படி கடிதம் எழுதியும் ஏதென்ஸ் விடவில்லை. பரிதாபம் வரத்தான் செய்கிறது. படையும் அழிந்து, எதிரி கையில் கொல்லப்படும் இப்படியொரு முடிவு வந்திருக்கவே கூடாத மனிதர் என்று, அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸே சொல்லியிருக்கிறார்.

ஆனால் கட்டுரையாளர் அந்த அழிவுக்கான எல்லாப் பழியையும் கி.மு. 413 ஆகஸ்ட் மாதச் சந்திர கிரகணத்தின் மேல் போட்டுவிடுகிறார். பின்வாங்கக் கிளம்பும் நேரத்தில் வந்த கிரகணத்தைக் கண்டு, குறி சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு 27 நாள் காத்திருக்க முடிவெடுத்ததற்கு நிக்கியாஸை மட்டும் நானும் குறை சொல்ல மாட்டேன். பயந்துபோன வீரர்களில் பெரும்பாலோரும் அதைத்தான் கேட்டார்கள்.

கிரகணத்துக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். ஏதென்ஸ் படை கைப்பற்ற முயன்ற சிசிலி நகரம் சிராகூஸ். அதை ஒட்டிய எபிபோலே மேட்டில் நடத்திய இரவுத் தாக்குதல் தோற்றதும், உதவிப் படையோடு வந்திருந்த இன்னொரு ஏதென்ஸ் தளபதி டெமாஸ்தனிஸ் உடனே கிளம்பிவிடலாம் என்றார். முகாம் இருந்த சதுப்பு நிலத்தில் நோய் பரவிக்கொண்டிருந்தது. கடல் வழி அப்போது திறந்துதான் இருந்தது. நிக்கியாஸ் மறுத்தார். சிராகூஸ் பணமில்லாமல் தவிக்கிறது என்று ஒரு கணக்கு அவரிடம் இருந்தது, சரி. அப்புறம் சொன்ன காரணம்தான் என்னை உறுத்துகிறது. இங்கே கஷ்டம் என்று கூச்சல் போடும் இதே வீரர்கள், ஊர் திரும்பியதும் தளபதிகள் லஞ்சம் வாங்கிவிட்டார்கள் என்பார்கள்; ஏதென்ஸில் அநியாயப் பழி சுமந்து சாவதைவிட எதிரி கையில் சாவதே மேல் என்றாராம். தன் சாவு எங்கே என்று தீர்மானித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதற்காகப் பல்லாயிரம் பேரை அங்கேயே நிறுத்திவைக்க என்ன உரிமை?

அவர்கள் கதி என்ன ஆனது? கடைசியில் தரை வழியே பின்வாங்கியபோது அசினாரஸ் ஆற்றில், மேலிருந்து ஈட்டி பாயும்போதே, சேறும் இரத்தமும் கலந்த தண்ணீருக்கு ஒருவரோடொருவர் அடித்துக்கொண்டார்கள். பிடிபட்டவர்களில் 7,000 பேருக்குக் குறையாமல் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள். எட்டு மாதம் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர், அதைப்போல இரண்டு மடங்கு தானியம். செத்தவர்களின் உடல்கள் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன.

துன்பியல் நாயகன் தன் பிழையை ஒரு கணமாவது நேருக்கு நேர் பார்ப்பான். பின்வாங்கும்போது வீரர்களிடம் நிக்கியாஸ் பேசிய பேச்சில் அது இல்லை. தெய்வங்களுக்கும் மனிதர்களுக்கும் குறை வைக்காமல் வாழ்ந்தேன், அதனால் நம்பிக்கை இருக்கிறது என்கிறார். ஆற்றங்கரையில், எதிரிப் படையை நடத்திய ஸ்பார்ட்டா தளபதி கிலிப்பஸிடம் சரணடைந்தபோது மட்டும், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், என் ஆட்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று கேட்டார். அந்த இடத்தில் அவரை நான் மதிக்கிறேன். சில வாரங்களுக்கு முன்பே அவர்களைப் பற்றி அப்படி யோசித்திருக்க வேண்டும்.

இதே பொருளில் மீண்டும் எழுதச் சொல்வதானால், அந்தக் கல்குவாரிக் கைதிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கும்படி கட்டுரையாளரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்