அதிகாரமும் கணக்கும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்று வாரம் படிக்கத் தடை இருந்ததால், உங்கள் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். தலைநகரத்தில் குவிந்துள்ள அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்துவிட்டால் ஏழை நாடுகள் முன்னேறிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நம்பிக்கையில் பாதி எனக்கும் உண்டு.

அந்தப் பாதியைத் தந்தது பொலிவியா. அங்கே 1994இல் வந்த மக்கள் பங்கேற்புச் சட்டம், தேசிய வரி வருவாயில் 20 விழுக்காட்டை மக்கள்தொகைக்கு ஏற்ப நகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. அதுவரை மூன்று பெரிய நகரங்களே பெரும்பங்கைப் பெற்றுவந்தன. பணம் கைக்கு வந்ததும் சிறிய ஊர்கள் பள்ளிக்கும் குடிநீருக்கும் கழிவுநீர் வசதிக்கும் கூடுதலாகச் செலவிட்டன. தங்களிடம் எது இல்லை என்பது அவற்றுக்கு எந்த அமைச்சகத்தையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. உள்ளூர் அமைப்புகளின் பிரதிநிதிகளைக் கொண்ட கண்காணிப்புக் குழுவையும் ஒவ்வொரு நகராட்சிக்கும் அச்சட்டம் வைத்தது. சட்டத்தின் உயிர்நாடி அந்தக் குழுவே என்பது என் எண்ணம்.

மறுபாதியில் எனக்குத் தயக்கம் வரக் காரணம் உகாண்டா. அங்கே தொடக்கப் பள்ளிகளின் பாடநூல் முதலிய செலவுகளுக்கான மானியத்தை மைய அரசு மாவட்ட நிர்வாகங்கள் வழியாக அனுப்பியது. 1991 முதல் 1995 வரை அதில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. ஏழைக் குழந்தைகளின் புத்தகப் பணம் அது என்று நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது. பிறகு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பப்பட்ட தொகையை அரசு செய்தித்தாள்களில் வெளியிட்டது. பள்ளிகளிலும் அறிவிப்பு ஒட்டச் செய்தது. வரவேண்டியது எவ்வளவு என்று பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் தெரிந்த பின்னர், போய்ச் சேரும் பங்கு பெரிதும் உயர்ந்தது. மாற்றம் முழுவதையும் அறிவிப்புப் பலகையின் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் அது இல்லாமல் யார் கேட்டிருப்பார்கள்?

பணம் உரிய காலத்தில் வருவதும் முக்கியம். கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு கவுண்டி எனப்படும், மாவட்டம் போன்ற பகுதிகளுக்கு 47 அரசுகளை உருவாக்கி, தேசிய வருவாயில் 15 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கை அவற்றுக்கு உறுதியளித்தது. எனினும் தொகை தாமதமாகும்போதெல்லாம் கவுண்டிகளின் சுகாதாரப் பணியாளர்களின் சம்பளம் தள்ளிப்போயிருக்கிறது.

ஆகவே, நீங்கள் எழுதிவரும் கட்டுரையில் எந்தெந்த அதிகாரங்களை மாற்றுவது என்ற பட்டியலுக்கு முன்பாக, கணக்கை யார் பார்க்கலாம், தவறு கண்டால் யாரிடம் முறையிடலாம் என்பதை வையுங்கள். அந்தப் பகுதியை எழுதியதும் எனக்கு அனுப்பிவையுங்கள். இப்போது என்னால் படிக்க முடிகிறது.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்