ஓகே எங்கிருந்து வந்தது

அன்பு மகளுக்கு,

ஓகே என்ற சொல் போர்க்களத்தில் பிறந்தது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாரும் சாகாத நாளில் 'ஜீரோ கில்டு' (0 Killed) என்று எழுதிவைப்பார்கள், அதன் சுருக்கம்தான் ஓகே என்று நீ அனுப்பியிருந்ததைப் படித்தேன். அடுத்த வாரம் வகுப்பில் சொல்லப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். சொல்லிவிடாதே மா. டீச்சர் சொன்னது என்று பிள்ளைகள் அதை ஆயுசுக்கும் நம்புவார்கள். அதனால்தான் போனில் சொல்லாமல் விரிவாக எழுதுகிறேன்.

அந்தப் போர் தொடங்கியது 1861-ல். ஓகே அதற்கு 22 வருடம் முன்னாலேயே, 1839 மார்ச் 23 அன்று, 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் அச்சாகிவிட்டது. எல்லாம் சரி என்ற பொருளும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

அந்தக் காலத்து பாஸ்டன் பத்திரிகைகளில் ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. தெரிந்த சொற்களை வேண்டுமென்றே தப்பான எழுத்துகளில் எழுதி, அப்புறம் முதல் எழுத்துகளை மட்டும் போடுவார்கள். 'ஆல் கரெக்ட்' என்றால் ஏ.சி. என்றுதானே வரவேண்டும்? அதை 'ஓல் கொரெக்ட்' (oll korrect) ஆக்கி ஓ.கே. என்றார்கள். 'ஆல் ரைட்' இப்படியே 'oll wright' ஆகி ஓ.டபிள்யூ. ஆனது. 'நோ யூஸ்' கூட கே.ஒய். ஆனது, ஏனென்றால் அந்த 'நோ'வை அறிதல் என்று பொருள்படும், கே-யில் தொடங்கும் 'நோ'வாகவும், 'யூஸ்'ஸை ஒய்-யில் தொடங்கியும் எழுதினார்கள் (know yuse). உன் பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், கரும்பலகையில் எழுதியே காட்டு.

மற்றதெல்லாம் மறைந்துபோக ஓ.கே. மட்டும் தப்பித்தது 1840 தேர்தலால். மறுபடியும் போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரன் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் ஊர்க்காரர். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்பது அவருடைய பட்டப்பெயர், அதன் முதல் எழுத்துகளும் ஓ.கே. தான். ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் என்றே சங்கம் வைத்தார்கள். எதிர்த்தரப்போ, முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர்தான் 'ஆல் கரெக்ட்' என்பதை இப்படி எழுதினார் என்று கிளப்பிவிட்டது. வான் பியூரன் தோற்றுப்போனார், சொல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அப்புறம் தந்தி வந்தபோது, செய்தி சரியாகக் கிடைத்தது என்று சொல்ல இரண்டே எழுத்து தந்திக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று.

இதையெல்லாம் தோண்டி எடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்க மொழி ஆராய்ச்சியாளர். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. 1941-லேயே அந்தச் சொல்லின் தடத்தைக் கிண்டர்ஹுக் பட்டப்பெயர் வரை கண்டுபிடித்துவிட்டார், வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள். அவரோ பழைய செய்தித்தாள்களை விடாமல் புரட்டி, 1963-64ல் அந்த 1839 சான்றை வெளியிட்டார், அதாவது தன்னுடைய முந்தைய விளக்கத்தைத் தானே பின்னுக்குத் தள்ளினார்.

ஓகே வேறு மொழியிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. கிரேக்கத்திலும் எல்லாம் நன்று என்பதற்கு 'ஓலா கலா' என்றுதான் சொல்வார்கள். சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியில் 'ஓகே' (okeh) என்றே ஒரு சொல் உண்டு, அதிபர் உட்ரோ வில்சன் அதையே மூலமாக நம்பி அந்த எழுத்துக்கூட்டலில் எழுதினார். ஒலி ஒத்துப்போவது நிஜம்தான். ஆனால் ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதுமா? அங்கிருந்து இங்கே வந்த தடம் ஏட்டில் இருக்க வேண்டாமா?

அதனால் வகுப்பில் முதலில் போர்க்கதையையே சொல், கூடவே 1839, 1861 என்ற இரண்டு வருடங்களையும் எழுதிப்போடு. எங்கே இடிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். யார் முதலில் பிடித்தார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா