‘கைகால் நல்லாத்தானே இருக்கு?’

ஆசிரியருக்கு வணக்கம்.

மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் பிள்ளைகளுக்குச் சிரமம் தரும் ஆட்டிசம் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் டாக்டர்கள் சொன்னது இருந்தது, பெற்றோர் சொன்னதும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் பஸ்ஸில் படும் பாடு பற்றி ஒரு வரி இல்லை. திருநெல்வேலி டவுன் பஸ்களில் இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் கொடுத்தவன் என்பதால் அதை நான் எழுதுகிறேன்.

2021-இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அப்போதே அந்தச் சலுகை வந்தது. நான் சேரன்மகாதேவி – திருநெல்வேலி சந்திப்பு வண்டியில் இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு தாயும் பையனும் ஏறுவார்கள். பாளையங்கோட்டையில் பையனுக்குப் பேச்சுப் பயிற்சி. எட்டு, ஒன்பது வயசிருக்கும். முதல் நாள், “பையனுக்கு அரை டிக்கெட் எடுங்கம்மா” என்றேன். அந்த அம்மா அடையாள அட்டையை நீட்டினார். அட்டையைப் பார்த்தேன், பையனைப் பார்த்தேன். “கைகால் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். கண்டக்டருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வண்டியே திரும்பிப் பார்த்தது.

“உள்ள இருக்கது வெளிய தெரியாதுல்லா அண்ணாச்சி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு டவுன் வரைக்கும் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் தனித்தனியாக உண்டு. இதை நான் தெரிந்துகொண்டது அந்த அம்மாவிடம்தான். அதுவரை ஊன்றுகோல், கறுப்புக் கண்ணாடி, மூணு சக்கர வண்டி, இவ்வளவுதான் என் கணக்கு.

பையன் முன்படிக்கு அடுத்த ஜன்னல் சீட்டில்தான் உட்காருவான். அதில் வேறு ஆள் இருந்தால் நின்றுகொண்டே கையை உதறுவான். விசில் ஊதினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவான். நமக்கு விசிலாகக் கேட்பது அவனுக்கு ஊசியாகக் குத்துமாம். அப்புறம் அவன் இருக்கும் நாளில் விசிலைப் பையில் போட்டுவிட்டு, வண்டியின் பக்கத் தகரத்தில் கையால் தட்டினேன். டிரைவருக்கு முதலில் எரிச்சல். பிறகு பழகிவிட்டார்.

ஒரு ஆனித் தேரோட்டத்தன்று பேட்டையிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள். அவன் மனசுக்குள் பேட்டை, டவுன், ஆர்ச், ஈரடுக்கு மேம்பாலம் என்று வரிசையாக ஒரு ரோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆர்ச் வரவில்லை. அவன் போட்ட கூச்சலில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. “செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு”, “செல்போனைக் கொடுத்து வளத்தா இப்படித்தான்”, “முதுகுல ரெண்டு வைங்க, சரியாப் போகும்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பின்சீட்டில் இருந்த ஒரு பெரியவர், “கோட்டிப் பிள்ளையை எதுக்குக் கூட்டத்துல கொண்டாராவ?” என்றார். வளர்ப்பால் வருவதில்லை அது. மேல்நாட்டு டாக்டர்களே ஒரு காலத்தில் தாய்க்குப் பாசம் போதவில்லை என்று பழிபோட்டு, பிறகு அது தப்பென்று கைவிட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் அன்றைக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பைத்தியம் என்று அர்த்தப்படும் இந்தக் கோட்டி என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம் பக்கத்தில் நாம் செய்வது கொஞ்சநஞ்சமல்ல. பேச்சு வராத பிள்ளை கோட்டி. எழுத்தைத் திருப்பிப் போடும் பிள்ளை அரைக்கோட்டி. தனக்குத்தானே பேசுகிறவர் கோட்டி. தூக்கம் போய் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே பேர்தான். அந்தக் கடைசி ஆளாக நானே இருந்திருக்கிறேன். என் வண்டியில் படியில் தொங்கி வந்த ஒரு பையன் விழுந்து இறந்தான். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் தூக்கமில்லை, டிப்போ வாசலைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கடைசியில் ஒரு மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் தேறினேன். அந்த மாத்திரையைச் சில்லறைப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். கண்டால் ‘இவனுக்குக் கோட்டி பிடிச்சிட்டு’ என்பார்களே!

என்னுடையது நடுவில் வந்த நோய், வைத்தியத்தில் போனது. அந்தப் பையனுடையது பிறவியிலேயே மூளை வளர்ந்த விதம். அதை மாத்திரை போட்டு மாற்ற முடியாது. சீக்கிரம் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்தால் பேச்சும் பழக்கமும் முன்னேறும். இரண்டுக்கும் ஒரே பேரை வைத்தால் யார் எங்கே போவது? ஒரு வயசில் பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைக்கூட ‘அப்பன் மாதிரி லேட்டாப் பேசுவான்’ என்று நாலு வயசு வரைக்கும் வைத்திருக்கிறோம். அந்த அம்மாவுக்கும் மாமியார் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

போக்குவரத்து அதிகாரிகளுக்கு உங்கள் பத்திரிகை மூலம் இரண்டு விண்ணப்பம். புதிதாகச் சேரும் டிரைவர், கண்டக்டர்களுக்கு இதைப் பற்றி அரைநாள் வகுப்பு வையுங்கள். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் எழுதுங்கள். 2022-இலிருந்து இருக்கிற எண் அது. என் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

போன மாதம் பயணியாக அதே வண்டியில் போனேன். பையன் வளர்ந்திருக்கிறான், மீசை அரும்புகிறது. சீட்டு மட்டும் அதேதான். புதுக் கண்டக்டர் விசிலை நீட்டி ஊதினார். பையன் காதைப் பொத்திக் குனிந்தான். எழுந்து போய் விஷயத்தைச் சொன்னேன். “ரிட்டயர் ஆயிட்டியல்லா அண்ணாச்சி, போய் உக்காருங்க” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
திருநெல்வேலி டவுன்.